ஒரு தீர்ப்பாளர் முடிவு செய்ததை அடுத்த தீர்ப்பாளர் முன் மீண்டும் எழுப்ப முடியுமா?

குழாய்க்கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். லண்டனில், காற்றோட்டக் குழாய்கள் அமைக்கும் ஒரு சிறிய துணை ஒப்பந்த நிறுவனத்தில் குவாண்டிட்டி சர்வேயராக (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர்) வேலை பார்க்கிறேன். சட்டப் பிரிவு என்று தனியாக ஒன்றும் இல்லாத நிறுவனம் என்பதால், பில் தகராறு எதுவாக இருந்தாலும் கடைசியில் என் மேசைக்கே வந்து சேரும். இப்போது வந்திருப்பது என் அனுபவத்துக்கு மீறியதாக இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் நாங்கள் எடுத்திருந்த வேலை, ஒப்பந்தத் தேதியைத் தாண்டி 13 வாரங்கள் தாமதமாக முடிந்தது. முதன்மை ஒப்பந்தக்காரர் கால நீட்டிப்புத் தர மறுத்ததால், கடந்த ஆண்டு அட்ஜுடிகேஷனுக்கு (கட்டுமானத் தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தீர்ப்பாளர் விரைவாக முடிவு செய்யும் முறை) சென்றோம். மேல்தளங்களை எங்களிடம் ஒப்படைக்கத் தாமதமானதற்கு 5 வாரங்கள், வரைபடங்கள் உரிய காலத்தில் வராததற்கு 8 வாரங்கள் என்று 13 வாரங்களையும் கேட்டோம். தீர்ப்பாளர் 5 வாரங்களைக் கொடுத்தார். 8 வாரங்களை மறுத்துவிட்டார். நாங்கள் வைத்த சான்றுகள் போதவில்லை என்றார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். வரைபடங்கள் வந்த தேதிகளின் பதிவேட்டை நாங்கள் அரைகுறையாகத்தான் கொடுத்திருந்தோம். தீத்தடுப்பு டாம்பர்களை (தீப்பிடித்தால் குழாயை அடைக்கும் தடுப்புகள்) இடம் மாற்றிப் பொருத்திய வேரியேஷன் (ஒப்பந்த வேலையில் செய்யப்படும் மாற்றம்) ஒன்றுக்கும் பணம் கேட்டிருந்தோம். அதிலும் எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது வந்த பில்லில், வாரத்திற்கு 8,000 பவுண்டு வீதம் 13 வாரங்களுக்கும் தாமத இழப்பீடாக 1,04,000 பவுண்டைக் கழித்துக்கொள்வதாக முறைப்படி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். தீர்ப்பாளர் கொடுத்த 5 வாரங்கள் என்னாயிற்று என்று கேட்டால், தாமத ஆய்வு நிபுணர் ஒருவரிடம் புதிதாக வாங்கிய அறிக்கையை நீட்டுகிறார்கள். மேல்தளங்கள் தாமதமாகக் கிடைத்தது உண்மைதான், ஆனால் முடிவுத் தேதி அதனால் தள்ளிப்போகவில்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது.

எங்களிடமும் புதியவை உண்டு. வரைபடப் பதிவேடு இப்போது முழுமையாகக் கிடைத்துவிட்டது. அது போக, குழாய்களை இயக்கிப் பார்க்கும் கட்டத்தில் தற்காலிக மின்சாரம் தரப்படாமல் 3 வாரங்கள் சும்மா இருந்தோம். இதை முதல் அட்ஜுடிகேஷனில் நாங்கள் எழுப்பவே இல்லை.

கழித்த பணத்தைக் கேட்டு இரண்டாவது அட்ஜுடிகேஷனுக்குச் சென்றால், எதை எழுப்பலாம், எது முடிந்துபோன கதை? அவர்கள் அந்த 5 வாரங்களை மறுபடியும் கிளறலாம் என்றால், நாங்களும் எங்கள் 8 வாரங்களைக் கிளறலாம் அல்லவா?

தேம்ஸ்கரையான்

உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். அவர்களாலும் கிளற முடியாது, உங்களாலும் முடியாது. அவர்களைத் தடுக்கும் விதிதான் உங்களையும் தடுக்கிறது என்பதால், எந்தப் பக்கம் அதிக இலாபம் என்று கணக்குப் போட்டுவிட்டு வாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அட்ஜுடிகேஷனைக் கொண்டுவந்த 1996-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, தீர்ப்பாளரின் முடிவு நீதிமன்றமோ நடுவர் மன்றமோ இறுதியாகத் தீர்க்கும்வரை, அல்லது இரு தரப்பும் உடன்பட்டு முடித்துக்கொள்ளும்வரை, இருவரையும் கட்டுப்படுத்தும். இதைத் ‘தற்காலிக முடிவு’ என்று சொல்லிச் சொல்லி, பலர் அதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு தீர்ப்பாளர் வந்து மாற்றும்வரை என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1998-ஆம் ஆண்டு ஸ்கீம் விதிகளின் 9-ஆம் பத்தி இன்னும் வெளிப்படையானது: முன்பே அட்ஜுடிகேஷனுக்குச் சென்று முடிவான தகராறும் இப்போது வந்திருப்பதும் ஒன்றே, அல்லது பெருமளவில் ஒன்றே என்றால், புதிய தீர்ப்பாளர் பதவி விலகியே ஆக வேண்டும். 28 நாட்களில் முடிவைக் கொடுத்துப் பணம் கைமாற வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. தோற்றவர் மறுநாளே வேறொரு தீர்ப்பாளரைத் தேடிப் போகலாம் என்றால், ஏற்பாட்டுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

உங்கள் எதிர்த்தரப்பின் புதிய அறிக்கைக்கு நேரான விடை, சட்லோஸுக்கும் குளோபல் ஸ்விட்ச்சுக்கும் இடையிலான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் தந்த தீர்ப்பு. கிழக்கு லண்டனில் ஒரு டேட்டா சென்டர் வேலை. கேபிள்கள் சென்ற குழாய்த் தடம் தொடர்பான தாமதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு என்று ஐந்தாவது அட்ஜுடிகேஷனில் முடிவாகி, ஒப்பந்தக்காரருக்குக் கால நீட்டிப்பும் கிடைத்தது. அதே காரணம் தொடர்ந்ததால் அடுத்த காலப்பகுதிக்கும் நீட்டிப்புக் கேட்டு ஆறாவது அட்ஜுடிகேஷன் நடந்தது. அப்போது உரிமையாளர் தரப்பு, முதலில் இல்லாத புதிய சான்றுகளையும் நிபுணர் கருத்தையும் கொண்டுவந்தது. தீர்ப்பாளருக்கு அந்தச் சான்றுகள் வலுவாகவே தெரிந்திருக்கின்றன. ஆனாலும் பொறுப்பு யாருடையது என்பது ஏற்கெனவே முடிவானது, அதை நான் தொட முடியாது என்று கருதி, ஒப்பந்தக்காரருக்குச் சுமார் 10 இலட்சம் பவுண்டு கொடுத்தார். தொட முடியும் என்றால் கணக்குத் தலைகீழாகி, ஒப்பந்தக்காரர்தான் உரிமையாளருக்குச் சுமார் 2 இலட்சம் பவுண்டு தர வேண்டியிருக்கும் என்றும் பக்கத்திலேயே எழுதி வைத்தார். கீழ் நீதிமன்றம் அவர் தம்மைத் தேவையின்றிக் கட்டிப்போட்டுக்கொண்டார் என்றது. மேல்முறையீட்டில் நீதிபதி கூல்சன் அதை மாற்றினார்: காலப்பகுதி வேறாக இருந்தாலும் அடிப்படைத் தகராறு அதேதான், முன்னவர் முடிவு பின்னவரைக் கட்டும், புதிய சான்று வந்தது என்பதற்காக அது அவிழ்ந்துவிடாது.

அதனால் அந்த 5 வாரங்கள், அதாவது 40,000 பவுண்டு, உங்களுடையது. நிபுணர் அறிக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை எடுத்துப் போக வேண்டிய இடம் நீதிமன்றம்.

இதே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் உங்கள் வரைபடப் பதிவேட்டுக்கும் இதையே சொல்வார்கள். அதற்கு எதிராகச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மின்சாரம் கிடைக்காத 3 வாரங்கள் வேறு வகை. 2006-இல் குவயட்ஃபீல்டு – வாஸ்கிராஃப்ட் வழக்கில், ஒப்பந்தக்காரர் முதலில் இரண்டு கடிதங்களின் அடிப்படையில் கால நீட்டிப்புக் கேட்டுத் தோற்றார். பிறகு உரிமையாளர் தாமத இழப்பீடு கேட்டு அட்ஜுடிகேஷன் தொடங்கியபோது, அந்தக் கடிதங்களில் இல்லாத பல காரணங்களுடன் விரிவான ஓர் இணைப்பைத் தற்காப்பாக வைத்தார். இது முன்பே முடிந்த விவகாரம் என்று தீர்ப்பாளர் அந்த இணைப்பைப் பார்க்கவே மறுத்தார். பார்த்திருக்க வேண்டும் என்று கூறி நீதிமன்றம் அவர் முடிவை அமலாக்க மறுத்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஒரு காரணத்தைச் சொல்லித் தோற்றவர் வேறொரு காரணத்தைச் சொல்லவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

மதுரை வழக்கறிஞர்

நான் இங்கிலாந்துச் சட்டம் பயின்றவன் அல்லன். நம் ஊர்ப் பயிற்சியை வைத்து ஓர் ஐயம் கேட்கிறேன். இந்தியாவில் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு முன்தீர்ப்புத் தடையைப் பற்றியது. அதன் நான்காவது விளக்கத்தின்படி, முந்தைய வழக்கில் எழுப்பியிருக்கக்கூடியதும் எழுப்பியிருக்க வேண்டியதுமான வாதம், எழுப்பப்பட்டு முடிவானதாகவே கொள்ளப்படும். இந்த விதியே இங்கிலாந்து நீதிமன்றங்களின் பழைய மரபிலிருந்து வந்தது. மின்சாரம் இல்லாத 3 வாரங்கள் முதல் அட்ஜுடிகேஷன் நடந்தபோதே நண்பருக்குத் தெரிந்தவைதாமே? அன்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்று சொல்ல அவருக்கு இடம் உண்டா?

வல்வையூரான்

நல்ல ஐயம், நீதிமன்ற வழக்கு என்றால் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் அட்ஜுடிகேஷனில் கேட்கப்படுவது, முன்னவர் எதை முடிவு செய்தார் என்பது. எதை முடிவு செய்யச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கலாம் என்பது அங்கே அந்த அளவுக்கு எடுபடுவதில்லை. குவயட்ஃபீல்டு வழக்கில் எதிர்த்தரப்பு ஏறக்குறைய உங்கள் வாதத்தைத்தான் வைத்தது, அது எடுபடவில்லை. ஜே.சி.டி. வகை ஒப்பந்தத்தில் (இங்கிலாந்துக் கட்டுமானத் துறையின் பொது மாதிரி ஒப்பந்தம்) ஒப்பந்தக்காரர் ஒரு காரணத்துக்கு ஒரு முறை, வேறு காரணம் வந்தால் இன்னொரு முறை என்று கால நீட்டிப்புக் கேட்கலாம். ஒப்பந்தமே அதற்கு இடம் தருகிறது. 28 நாட்களுக்குள் வாழ்நாள் வாதம் முழுவதையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதும் நடைமுறைக்கு ஒவ்வாது. அதே வழக்கில் நீதிபதி டைசன், தடையின் நோக்கம் ஒரே தகராறுக்காக எதிர்த்தரப்பு மீண்டும் மீண்டும் செலவும் அலைச்சலும் படாமல் காப்பது என்று விளக்கியிருக்கிறார். ஆகவே தோற்ற வாதத்துக்குப் புதுச் சட்டை போட்டு அழைத்துவந்தால் நீதிமன்றம் அடையாளம் கண்டுகொள்ளும்.

எது முடிவானது என்பதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்த ஹார்டிங் – பெய்ஸ் வழக்கைச் சொல்வேன். ஒப்பந்தக்காரர் இறுதிக் கணக்கைக் கொடுத்தார். உரிமையாளர்கள் உரிய காலத்தில் செல்லத்தக்க மறுப்பு நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஆகவே கேட்ட தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஓர் அட்ஜுடிகேஷனில் முடிவானது. பிறகு அதே கணக்கின் உண்மை மதிப்பு என்ன என்று உரிமையாளர்கள் இன்னோர் அட்ஜுடிகேஷன் தொடங்கினார்கள். முன்னவரிடம் உண்மை மதிப்பு பற்றிய கேள்வியும் போயிருந்தது. ஆனால் அவர் நோட்டீஸ் விஷயத்தோடு நிறுத்திக்கொண்டு மதிப்புக்குள் இறங்கவே இல்லை. அதனால் பின்னவர் மதிப்பைப் பார்க்கத் தடையில்லை என்று தீர்ப்பாயிற்று. அனுப்பப்பட்டது எது என்பதைவிட முடிவானது எது என்பதே எடை கூடியது.

இதனால்தான் தேம்ஸ்கரையானுடைய விடையில் எனக்கு ஒரு சிறு மனக்குறை. முதல் தீர்ப்பாளர் எழுதிய சொற்களைப் பார்க்காமல், அந்த 8 வாரங்களைப் பற்றியோ டாம்பர் வேரியேஷனைப் பற்றியோ எதுவும் சொல்லக் கூடாது. ‘சான்று போதவில்லை, ஆகவே உரிமை இல்லை’ என்பது முடிவு. ‘சான்று போதவில்லை, ஆகவே என்னால் மதிப்பிட முடியவில்லை’ என்பது முடிவைத் தள்ளி வைப்பது. 2019-இல் ஹிட்டாச்சி ஜோசன் – ஜான் சிஸ்க் வழக்கில் இந்த வேறுபாடுதான் எல்லாமாக இருந்தது. ஒரு பணியை வேரியேஷன் என்று முன்னவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதன் தொகையைக் கணக்கிடப் போதிய சான்று தம்மிடம் இல்லை என்றார். பல அட்ஜுடிகேஷன்கள் கழித்து இன்னொருவர் அதை மதிப்பிட்டபோது, இது பழைய தகராறு என்ற ஆட்சேபம் நிற்கவில்லை. பூஜ்யம் என்று மதிப்பிடுவதும் மதிப்பிடாமல் விடுவதும் பில்லில் ஒரே மாதிரிதான் தெரியும். சட்டத்தில் அவை இரண்டும் வேறு. நண்பர் அந்தப் பத்திகளின் சாரத்தை இங்கே எழுத முடியுமா?

குழாய்க்கணக்கர்

மிக்க நன்றி. முடிவு ஆவணத்தைத் திரும்பவும் எடுத்து உட்கார்ந்து வாசித்தேன். அன்று கடைசிப் பக்கத்தின் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்த ஆவணம் இது.

வரைபடங்களைப் பற்றிய பகுதி நான்கு பத்திகள் வருகிறது. எந்தெந்த வரைபடம் எப்போது வந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இவற்றால் முடிவுத் தேதி தள்ளிப்போனது என்று துணை ஒப்பந்தக்காரர் மெய்ப்பிக்கவில்லை, எனவே இந்தக் காரணத்துக்குக் கால நீட்டிப்பு எதற்கும் உரிமை இல்லை என்று முடிக்கிறார். டாம்பர் வேலையைப் பற்றி இரண்டே வரிகள்: இது வேரியேஷன்தான் என்று ஏற்கிறேன், ஆள்நேரப் பதிவுகள் எதுவும் தரப்படாததால் இதன் மதிப்பைப் பற்றி நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. தொகைப் பட்டியலில் அதன் எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. நாங்கள் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

வல்வையூரான்

அப்படியானால் டாம்பர் உயிரோடு இருக்கிறது. அது வேரியேஷனா இல்லையா என்பதை இனி அவர்கள் கேள்வி கேட்க முடியாது. எவ்வளவு என்பது மட்டும் திறந்திருக்கிறது. ஆள்நேரப் பதிவுகளைத் தேடி எடுங்கள். வரைபடங்களைப் பொறுத்தவரை தேம்ஸ்கரையான் சொன்னதே சரி. அந்த நான்கு பத்திகளை எப்படிப் புரட்டினாலும் அவை முடிவுதான்.

தேம்ஸ்கரையான்

மனக்குறையை ஏற்றுக்கொள்கிறேன், டாம்பரை நான் கவனிக்காமல் விட்டது பிழைதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கழித்த 1,04,000 பவுண்டில் 40,000 முன்முடிவால் காக்கப்படுகிறது. மின்சாரத்துக்கான 3 வாரங்களை மெய்ப்பித்தால் 24,000. மீதி 5 வாரங்களுக்கான 40,000 பவுண்டை அட்ஜுடிகேஷனில் மீட்க எனக்கு வழி தெரியவில்லை. அதற்கு நீங்கள் நீதிமன்றம் போகலாம்; அங்கே பதிவேட்டைப் புதிதாக வைக்கலாம், தீர்ப்பாளரின் முடிவு அங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் கதவு திறந்தால் இருவருக்கும் திறக்கும்: அவர்களுடைய நிபுணர் அறிக்கையும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே வரும். 40,000 பவுண்டைத் தேடிப் போய், கையில் இருக்கும் 40,000 பவுண்டையும் பணயம் வைக்க நேரும். வழக்குச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சார விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அந்த 3 வாரங்களும் வரைபடங்களுக்காகக் கேட்ட 8 வாரங்களும் நாட்காட்டியில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தாலும் காரணம் வேறு என்பதால் தடை வராது என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் மனுவில் வரைபடப் பேச்சு இரண்டு பத்திக்கு மேல் வந்தால், இது பழைய சரக்குதான் என்று காட்ட அவர்களுக்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகும். முதல் அட்ஜுடிகேஷனுக்கு நீங்கள் கொடுத்த நோட்டீஸையும் எடுத்துப் பாருங்கள். தாமதத்துக்கான எல்லாக் காரணங்களையும் பரிசீலித்து முடிவுத் தேதியை நிர்ணயிக்குமாறு அதில் கேட்டிருந்து, அவரும் அப்படியே நிர்ணயித்திருந்தால், நிலைமை நான் சொன்னதைவிடக் கடினமாகும்.

பூன்லேவாசி

சிங்கப்பூரில் இதே தொழிலில் இருப்பவன். இங்கே கட்டுமானப் பணத்துக்கான 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மதிப்பைப் பற்றிய கேள்விக்குச் சட்டத்திலேயே விடை வைத்திருக்கிறது: ஒரு வேலையை முந்தைய தீர்ப்பாளர் மதிப்பிட்டிருந்தால், பின்னவரும் அதே மதிப்பையே தர வேண்டும், இடைக்காலத்தில் அந்த மதிப்பு மாறியிருக்கிறது என்று ஒரு தரப்பு மெய்ப்பித்தால் மட்டும் விலக்கு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்திலும் இத்தகைய விதி உண்டு. ஆனாலும் அங்கே 2009-இல் டூவல்கார்ப் – ரெமோ வழக்கு மேல்முறையீடு வரை போயிற்று. முன்பு கேட்டு முடிவான அதே ஆறு இன்வாய்ஸ்களைத் திரும்பவும் ஒரு பேமென்ட் கிளெய்மாக (பணம் கேட்கும் முறையான கோரிக்கை) அனுப்பி, இன்னோர் அட்ஜுடிகேஷன் நடத்தப் பார்த்தார்கள். நீதிமன்றம் தடுத்துவிட்டது. இரண்டு நீதிபதிகள் முடிவான எழுவினாவை மீண்டும் எழுப்பத் தடை என்ற கோட்பாட்டின் வழியாகவும், ஒருவர் அச்சட்டத்தின் நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்ற வழியாகவும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கே மாதாமாதம் கிளெய்ம் கொடுப்போம். கொடுத்துப் பணம் வராத தொகையை அடுத்த கிளெய்மில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பார்த்துவிட்டு, தீர்ப்பாகித் தோற்ற தொகையையும் சேர்க்கலாம் என்று எண்ணும் இளைஞர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதனால்தான் இந்த இழையை என் அலுவலகத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

குழாய்க்கணக்கர்

பழைய நோட்டீஸை எடுத்துப் பார்த்துவிட்டேன். மேல்தளங்கள், வரைபடங்கள் என்ற இரண்டை மட்டுமே பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்; ‘எல்லாக் காரணங்களும்’ என்ற சொற்கள் அதில் இல்லை. தற்காலிக மின்சாரம் கிடைக்காத நாட்களில் பத்து நாட்கள் வரைபடக் காலத்துக்கு வெளியே விழுகின்றன.

நிறுவன உரிமையாளரிடம் பேசி, வரைபடங்களை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கழித்த தொகை பற்றி ஓர் அட்ஜுடிகேஷன். டாம்பரின் மதிப்புக்குப் பிறகு இன்னொன்று. டாம்பரையும் முதலாவதிலேயே சேர்த்துவிடலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

தேம்ஸ்கரையான்

சேர்க்காதீர்கள். எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டாலன்றி, ஒரு நோட்டீஸில் ஒரு தகராறுதான் தீர்ப்பாளரிடம் போகலாம். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால், அவை இரண்டு தகராறுகள் என்று அவர்கள் அதிகார வரம்பு ஆட்சேபம் எழுப்புவார்கள். அதற்குப் பதில் எழுதவே உங்களுக்கு ஒரு வாரம் போய்விடும். முதல் நோட்டீஸில், 5 வாரங்கள் பற்றிய முன்முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது என்ற அறிவிப்பைத் தனிக் கோரிக்கையாகவே எழுதுங்கள். அதைத் தற்காப்பு வரும்வரை மறைத்து வைக்க வேண்டாம். முதல் முடிவின் முழு ஆவணத்தையும் இணையுங்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் அல்ல.